அடுப்பை மாற்றும் முன் மீட்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள்

ஆம்பூரில் எலெக்ட்ரிக்கல் வேலை கற்றுக்கொள்ள வருகிறவன் முதலில் கை வைப்பது டேனரியில்தான். நானும் அப்படித்தான். எண்பதுகளின் நடுவில் ஒரு மேஸ்திரிக்குக் கையாளாகச் சேர்ந்தேன். தோல் போட்டு உருட்டுகிற மர டிரம், அதைச் சுற்றுகிற மோட்டார், தண்ணீர் பம்ப், இவைதான் பாடம். ஈரமும் சுண்ணாம்பும் உப்பும் கலந்த தரையில் வெறுங்காலோடு ஆட்கள் நிற்பார்கள். அந்த இடத்தில் ஒரு ஜாயின்ட் சரியில்லை என்றால் என்ன ஆகும் என்பதை மேஸ்திரி ஒரு தடவைதான் சொன்னார். "டேப்பை இழுத்துச் சுத்துடா, அந்தக் கம்பியத் தொடப்போறவன் உன் தம்பின்னு நெனச்சுக்கோ." வீட்டு வேலைக்கு வந்த பிறகும் அதுதான் என் அளவுகோல்.

அந்தக் காலத்தில் வீட்டு அடுப்படியில் வயர்மேனுக்கு வேலையே கிடையாது. அடுப்படி வாசலில் ஒரு நாற்பது வாட் பல்ப், அதற்கு ஒரு சுவிட்ச், அவ்வளவுதான். தேக்குச் சட்டத்தின் மேல் கிளிப் அடித்து ஓட்டிய வயர். சமையல் விறகில் நடந்தது. கொஞ்சம் வசதி இருந்தால் கிருஷ்ணாயில் ஸ்டவ். டேனரியை ஒட்டிய தெருக்களில் சாறு எடுத்து முடிந்த பட்டைச் சக்கையைக் காயவைத்து எரிப்பார்கள். மரத்தூளை இறுக்கிக் கெட்டித்த அடுப்பும் உண்டு. சுவரெல்லாம் கரி படிந்திருக்கும். பல்பைக் கழற்றினால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டும். அந்தப் புகைக்குள் உட்கார்ந்து இருமிய பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் வீட்டுக்குள் எதையும் எரிக்காமல் சமைக்கலாம் என்று யார் சொன்னாலும் என் மனம் முதலில் அந்தப் பக்கம்தான் சாயும். கரண்ட் அடுப்பு வரவேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. அது எப்படி வரவேண்டும் என்பதைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

மேலிருந்து ஓர் உத்தரவு வந்தால் ஊர் எப்படி மாறும் என்பதைத் தோல் தொழிலில் இருக்கும் எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பாலாற்றைக் கெடுத்த டேனரிகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம். கழிவுநீரைச் சுத்திகரிக்க சொந்தமாகவோ பொதுவாகவோ நிலையம் வேண்டும், இல்லாவிட்டால் மூடு என்பது உத்தரவு. அது நியாயமான தீர்ப்பு. ஆற்றோரக் கிணறுகள் கெட்டுப்போனதைப் பார்த்தவர்கள் வேறு மாதிரி சொல்ல மாட்டார்கள். அந்த உத்தரவு தரையில் இறங்கியபோது நடந்ததையும் பார்த்தேன். பத்துப் பேர், ஐம்பது பேர் என்று சேர்ந்து பணம் போட முடிந்த இடத்தில் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வந்தது. பம்பும் பிளோயரும் ராத்திரி பகலாக ஓடின. எங்களுக்கும் வேலை கிடைத்தது. சேர முடியாத சின்ன ஆட்கள் பூட்டைப் போட்டுவிட்டு, தோலைக் கூலிக்குப் பதனிடக் கொடுக்கப் போனார்கள். ஆற்றுக்கு நல்லது செய்கிற நிலையம் நாள் முழுக்கக் கரண்ட் குடிக்கிறது என்பதையும், அந்த பில்லை யார் கட்டுவது என்ற சண்டையையும் அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டேன். இன்றைக்கு அடுப்பைப் பற்றிப் பேசும்போதும் என் காதில் அந்தச் சண்டைதான் ஒலிக்கிறது.

வீடுகளுக்கு வருகிறேன். 2006-க்குப் பிறகு இலவச கலர் டிவி வந்தது, அடுத்து இலவச கேஸ் அடுப்பும் இணைப்பும் வந்தன. கிருஷ்ணாயில் வாசம் பல தெருக்களில் இருந்து அப்போதுதான் போனது. அதே சமயத்தில் மின்வெட்டு. 2008-ல் தொடங்கி 2012-ல் உச்சத்துக்குப் போனது. சென்னைக்கு ஒரு மணி, இரண்டு மணி நேரம் என்றால் எங்கள் பக்கம் பாதி நாள் கரண்ட் இருக்காது. ஷூ கம்பெனிகள் ஜெனரேட்டரில் ஓடின. வீட்டில் மாவாட்டவும் தண்ணீர் ஏற்றவும் கரண்ட் வரும் நேரத்துக்குக் காத்திருந்தார்கள். நான் தெருத்தெருவாக இன்வெர்ட்டர் மாட்டிக்கொண்டிருந்தேன். அந்த நாட்களில் வேளைக்குச் சோறு வெந்தது என்றால் அது சிலிண்டரால். எங்கள் பெண்களுக்குக் கேஸின் மேல் இருக்கும் நம்பிக்கை அங்கே பிறந்தது. அதைப் பழமைவாதம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. கரண்ட் அவர்களைக் கைவிட்டது, கேஸ் கைவிடவில்லை.

2011-ல் இலவச மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் திட்டம் தொடங்கியது. பொருள் வீட்டுக்கு வந்துவிட்டது, வயர் பழைய வயர்தான். ஒரு விளக்குக்காக இழுத்த கம்பியில் மூன்று சாமான் தொங்கின. ஒரே பிளக்கில் மல்டி பின் குத்தி, அதன் மேல் இன்னொன்று குத்தி ஓட்டினார்கள். சுவிட்ச் போர்டு கருகியது என்று என்னைக் கூப்பிடாத வாரம் அப்போது கிடையாது. சாமானைக் கொடுத்த அரசு, கூடவே ஒரு பிளக் பாயின்ட்டும் ஒரு எர்த் குழியும் கொடுத்திருந்தால் பாதி வீடுகளில் அந்தக் கருகல் இருந்திருக்காது.

எர்த் விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். மூன்று ஓட்டை இருக்கும் பிளக் பாயின்ட்டைப் பார்த்ததும் எர்த் இருக்கிறது என்று எல்லோரும் நம்புகிறார்கள். நான் திறந்து பார்த்த எத்தனையோ பாயின்ட்டுகளில் மேல் ஓட்டைக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. இன்னும் மோசமான ஒன்று உண்டு. உள்ளே இரண்டு அங்குல வயரை வெட்டி, நியூட்ரலில் இருந்து எர்த் முனைக்கு லூப் அடித்திருப்பார்கள். டெஸ்ட் லாம்ப் வைத்தால் பளிச்சென்று எரியும், வீட்டுக்காரர் திருப்தியாகப் பணம் கொடுத்து அனுப்புவார். மீட்டர் பக்கம் நியூட்ரல் ஒருநாள் அறுந்தால், ஃபிரிட்ஜின் இரும்பு உடம்பு முழுக்க ஃபேஸ் வந்து நிற்கும். டேனரிப் பக்கத்து மண்ணில் இன்னொரு தொல்லை. நிலத்தடி நீரில் உப்பு அதிகம் என்பதால் புதைத்த புதிதில் எர்த் அருமையாக இருக்கும். அதே உப்பு ஜிஐ பைப்பைச் சீக்கிரம் தின்றுவிடும். தோண்டி எடுத்தால் பைப் கையோடு உதிர்ந்து வரும். எங்கள் பக்கம் எர்த் போட்டுவிட்டுப் பத்து வருஷம் மறந்துவிட முடியாது.

2022 ஜூலையில் சென்னையில் சிலிண்டர் விலை 1,068 ரூபாய் 50 காசுக்குப் போனது, அடுத்த மார்ச்சில் 1,118-ஐத் தாண்டியது. அப்போதுதான் இண்டக்‌ஷன் அடுப்பை வாங்கிக்கொண்டு என்னைக் கூப்பிடுகிறவர்கள் அதிகமானார்கள். ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிற ஒரு பெண், தவணையில் அடுப்பு வாங்கியிருந்தார். லைன் வீடு, வரிசையாக எட்டுக் குடித்தனம். "அண்ணா, ரெண்டு நாள்தான் ஓடிச்சு, இப்ப பிளக்கு மட்டும் சுடுது" என்றார். போய்ப் பார்த்தால் ஆறு ஆம்பியர் பாயின்ட்டில் கன்வெர்ட்டர் பின் போட்டு 2,000 வாட் அடுப்பைக் குத்தியிருக்கிறார்கள். 2,000 வாட் என்றால் 230 வோல்ட்டில் ஒன்பது ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவு. சாக்கெட்டின் உள்ளே பித்தளைத் தகடு நீலம் பூத்துத் தளர்ந்திருந்தது, அதைச் சுற்றிய பிளாஸ்டிக் மெழுகு போல வழிந்திருந்தது. பின்னால் போன வயர் ஒரு சதுர மில்லி. அடுப்பு நல்ல அடுப்பு, அதற்கு ஒரு குறையும் இல்லை. அதற்குத் தேவை போர்டில் இருந்து நேராக இரண்டரை சதுர மில்லி வயர், தனி எம்சிபி, பதினாறு ஆம்பியர் பாயின்ட், உண்மையான எர்த், கரண்ட் கசிந்தால் தானே துண்டிக்கும் ஓர் ஆர்சிசிபி.

அதைச் செய்ய வீட்டுக்காரரிடம் கேட்டோம். "வாடகைக்கு இருக்கறவங்க அடுப்புக்கு நான் ஏன் வயர் இழுக்கணும்?" என்றார். அவர் பக்கத்திலும் கணக்கு இருக்கிறது. இதைவிடப் பெரிய சிக்கல் மீட்டர். எட்டுக் குடித்தனத்துக்கும் தனித்தனி சர்வீஸ் இல்லை. உள்ளே சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்குப் பத்து ரூபாய் வசூல். 2016-ல் இருந்து வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது அந்தப் பெண்ணுக்கு வந்து சேரவே இல்லை.

இந்த இடத்தில் நான் போட்டுப் பார்த்த கணக்கைச் சொல்கிறேன். 14.2 கிலோ சிலிண்டரில் இருக்கும் சூட்டில், அடுப்பில் வீணாவது போகப் பாத்திரத்துக்குள் போகிறதைக் கணக்கிட்டால், அதே சமையலுக்கு இண்டக்‌ஷனில் ஏறக்குறைய 130 யூனிட் ஆகும். பத்து ரூபாய் வீதம் அந்தப் பெண்ணுக்கு 1,300 ரூபாய். 2025 ஏப்ரலில் சென்னை சிலிண்டர் விலை 868 ரூபாய் 50 காசு. அவர் ஏன் கேஸுக்கே திரும்பிப் போனார் என்று கேட்க வேண்டியதில்லை.

சொந்த சர்வீஸ் இருக்கிற வீட்டில் கதை வேறு. 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தை வைத்துச் சொல்கிறேன். அதன் பிறகு ரேட் கொஞ்சம் ஏறினாலும் அமைப்பு அதேதான். இரண்டு மாதத்தில் 200 யூனிட் ஓட்டும் வீட்டுக்கு 225 ரூபாய் பில். சமையலுக்கு மாதம் ஒரு சிலிண்டர் என்று வைத்தால் 260 யூனிட் கூடும். மொத்தம் 460 யூனிட், பில் 1,485 ரூபாய். கூடுதல் செலவு 1,260, மிச்சமாவது இரண்டு சிலிண்டர். லாபம்தான். ஏற்கெனவே ஏசி போட்டு 400 யூனிட் ஓட்டும் வீட்டில் அதே 260 யூனிட் கூடினால் பில் 1,125-ல் இருந்து 3,290-க்குப் போகும். கூடுதல் 2,165 ரூபாய். இரண்டு சிலிண்டர் விலையைத் தாண்டிவிட்டது. காரணம் 500 யூனிட் என்கிற அந்தக் கோடு. 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 501-வது யூனிட் ஓடியதும், 101-ல் இருந்து 200 வரை 2 ரூபாய் 25 காசு என்ற சலுகை பறிபோய் 4 ரூபாய் 50 காசாகிவிடும். ஒரு யூனிட்டுக்காக பில் 1,958 ஆகும். இதைச் சொன்னால் நம்பாமல் கரண்ட் ஆபீஸுக்குப் போய்ச் சண்டை போட்டவர்கள் உண்டு. சமையலைக் கரண்டுக்கு மாற்றச் சொல்லும் எந்த அரசும் முதலில் இந்தக் கோட்டைத் திருத்த வேண்டும்.

இன்னொரு வீடு. பெரிய தோல் வியாபாரி. மகன் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து, புது வீட்டு அடுப்படி முழுக்க எலெக்ட்ரிக்காக இருக்க வேண்டும் என்றார். மூன்று ஃபேஸ் சர்வீஸ் வாங்கி, நாலு பர்னர் இண்டக்‌ஷன், ஓவன், கீஸர் எல்லாம் தனித்தனி சர்க்யூட்டில் போட்டுக் கொடுத்தேன். நல்ல சம்பளமும் கொடுத்தார்கள். வேலை முடிந்த அன்று வீட்டுப் பெரியம்மா ஈயம் பூசிய செப்பு தேக்சாவைக் கொண்டுவந்து அடுப்பில் வைத்தார். அடுப்பு கத்தியது, சூடு ஏறவில்லை. அலுமினியப் பாத்திரத்தை வைத்தார், அதற்கும் அதே கத்தல். ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்து ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் வைத்துக் காட்டினேன். ஒட்டினால் வேலை செய்யும், ஒட்டாவிட்டால் செய்யாது. அந்த அலமாரியில் முக்கால்வாசி ஒட்டவில்லை. "அப்போ தம்முக்கு மூடி மேல நெருப்பு எங்கப்பா வைப்பே?" என்று கேட்டார். ஆம்பூர் பிரியாணிக்கு அடியிலும் சூடு, மூடி மேலும் தணல். அதற்குக் கரண்ட் அடுப்பில் இடமில்லை. கொல்லைப்புறத்தில் ஒரு விறகு அடுப்பைக் கட்டிக்கொண்டார்கள். தினசரி டீ, சோறு, குழம்பு எல்லாம் இண்டக்‌ஷனில்தான் நடக்கிறது. வெள்ளிக்கிழமை மட்டும் கொல்லையில் புகை. அது நல்ல ஏற்பாடு என்றே நினைக்கிறேன். எதையும் முழுதாக ஒழித்தால்தான் மாற்றம் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டியதில்லை.

என் அக்கா மகன் மெல்போர்னில் இருக்கிறான். விக்டோரியா மாநிலத்தில் 2024 ஜனவரி 1 முதல், திட்ட அனுமதி தேவைப்படும் புது வீடுகளுக்குக் கேஸ் இணைப்பு கிடையாது என்று அவன்தான் சொன்னான். அமெரிக்காவில் பெர்க்லி நகரம் 2019-லேயே புதுக் கட்டடங்களில் கேஸ் குழாய் கூடாது என்று சொல்லி, 2023-ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றது. நம் நாட்டில் மும்பையில், உயர் நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொன்னதை வைத்து, விறகும் கரியும் எரிக்கும் பேக்கரிகளை ஆறு மாதத்துக்குள் கேஸுக்கோ கரண்டுக்கோ மாறச் சொன்னது மாநகராட்சி. வீடுகளுக்கு இங்கே கட்டாயம் எதுவும் இல்லை. ஆனால் 2021-லேயே மத்திய அமைச்சர் நிதின் கட்கரி, கேஸுக்கு மானியம் தருவதற்குப் பதில் கரண்ட் அடுப்புக்குத் தரலாமே என்று கேட்டார். 2023 நவம்பரில் மத்திய அரசின் இஇஎஸ்எல் நிறுவனம் 20 லட்சம் இண்டக்‌ஷன் அடுப்புகளைக் கொண்டுவரும் திட்டத்தை அறிவித்தது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பது தெரிகிறது.

மெல்போர்னில் புது வீட்டுக்குத்தான் சட்டம். புது வீடு என்றால் புது வயர், புது போர்டு, ஆரம்பத்தில் இருந்தே அந்த லோடுக்குப் போட்ட கணக்கு. இங்கே பெரும்பாலும் பழைய வீட்டில்தான் மாற்றம் வரப்போகிறது. எங்கள் பக்கத்து வீடுகளில் அநேகம் சிங்கிள் ஃபேஸ். நாலு கிலோவாட் வரைதான் அதில் கணக்கு. இரண்டு அடுப்பும் ஒரு ஹீட்டர் ராடும் சேர்ந்தால் அது தீர்ந்துவிடும். அதைத் தாண்டினால் மூன்று ஃபேஸ், கூடுதல் டெபாசிட், டெவலப்மென்ட் சார்ஜ், உள்ளே புது வயர்.

தெருவையும் பார்க்க வேண்டும். ஷூ கம்பெனி விட்டுப் பெண்கள் வீடு திரும்பும் நேரம் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆறரைக்கும் எட்டுக்கும் நடுவில் ஒரு தெருவில் நூறு அடுப்பு ஒன்றாக எரியும். நூறு அடுப்பு, ஆளுக்கு இரண்டு கிலோவாட் என்றால் 200 கிலோவாட். அந்தத் தெருவுக்கு நிற்பது 100 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர். இப்போதே லைனின் கடைசி வீட்டில் சாயங்காலம் மீட்டர் வைத்தால் 180 வோல்ட்தான் காட்டுகிறது, சில அடுப்புகள் எரர் காட்டி நின்றுவிடுகின்றன. மாநிலம் முழுக்க வைத்துப் பார்த்தால், சுமார் 2.37 கோடி வீட்டு இணைப்புகளில் பத்தில் ஒன்று ஒரே நேரத்தில் 2,000 வாட் அடுப்பைப் போட்டால் 4,700 மெகாவாட் சேர்ந்துவிடும். 2024 மே 2 அன்று தமிழ்நாடு தொட்ட உச்சத் தேவையே 20,830 மெகாவாட். சூரிய மின்சாரம் மத்தியானம் வருகிறது, எங்கள் பெண்கள் சமைப்பது சூரியன் போன பிறகு.

இதையெல்லாம் சொன்னால் கரண்ட் அடுப்புக்கு எதிராகப் பேசுகிறேன் என்று சிலர் நினைக்கிறார்கள். என் வீட்டில் இண்டக்‌ஷன்தான் முதல் அடுப்பு, சிலிண்டர் இரண்டாவது. வெயில் காலத்தில் அடுப்படியில் நிற்கிறவர்களுக்கு அது பெரிய நிம்மதி. தீ இல்லை, புகை இல்லை, ரெகுலேட்டரை மூடினோமா என்ற பயம் இல்லை.

வாங்கப்போகிறவர்கள் கடைக்குப் போகும் முன் மூன்று வேலை செய்யுங்கள். கடைசி இரண்டு பில்லை எடுத்து 500 யூனிட் கோட்டுக்கு எவ்வளவு தூரம் இருக்கிறீர்கள் என்று பாருங்கள். லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிட்டு, பாயின்ட்டைக் கழற்றி எர்த் எங்கே போகிறது என்று உங்கள் கண்ணால் பாருங்கள். ஒரு காந்தத்தை எடுத்துப் பாத்திரங்களைச் சோதியுங்கள். கன்வெர்ட்டர் பின் போட்டு மட்டும் ஓட்டாதீர்கள்.

அரசிடம் கேட்பது இதுதான். இனி அடுப்பு கொடுப்பதாக இருந்தால், அடுப்போடு ஒரு பதினாறு ஆம்பியர் பாயின்ட்டும் எர்த்தும் ஆர்சிசிபியும் சேர்த்தே கொடுங்கள். சமையலுக்கு ஓடும் யூனிட்டைத் தனிக் கணக்கில் வையுங்கள். தெரு டிரான்ஸ்ஃபார்மரை மாற்றிவிட்டுத் திட்டத்தைத் தொடங்குங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், லைன் வீட்டில் சப் மீட்டருக்குப் பத்து ரூபாய் கட்டிக்கொண்டிருக்கும் குடும்பங்களுக்கு அவரவர் பேரில் ஒரு சர்வீஸ் கொடுங்கள்.